தேறுமா?

அப்பா போய் ஏழு மாதம் கழித்துத்தான் அவருடைய மர அலமாரியைத் திறந்தோம். திறந்தோம் என்று சொல்கிறேனே தவிர, திறந்தது நான் மட்டும்தான். அம்மா கதவருகில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நீயே பாத்துடுப்பா" என்று உள்ளே போய்விட்டார்.

மேல்தட்டில் நின்றுபோன ஒரு கைக்கடிகாரம். எந்தப் பூட்டுக்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத ஒரு கொத்துச் சாவி. தகர டப்பா நிறையத் திருகாணிகள், அளவுவாரியாகக் காகிதத்தில் மடித்து. பழைய ரசீதுகள் ஒரு கட்டு. கீழ்த்தட்டில் நூல் போட்டுக் கட்டிய நீள நோட்டுகள். நான் தரையில் உட்கார்ந்து இரண்டு குவியல் போட ஆரம்பித்தேன். வைத்துக்கொள்ள வேண்டியவை ஒரு பக்கம், தூக்கிப்போட வேண்டியவை இன்னொரு பக்கம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அக்கா போன் செய்தாள்.

"என்னடா, ஏதாவது தேறுச்சா?"

"பெருசா ஒண்ணும் தேறாதுக்கா."

போனை வைத்த பிறகு அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. நோட்டுகளின் கட்டைக்கூட அப்போது நான் அவிழ்த்திருக்கவில்லை. அறுபது வருடம் ஒருவர் சேர்த்து வைத்ததைப் பற்றி அரை மணி நேரத்தில் எப்படி அப்படிச் சொன்னேன்? சொல் தானாக வாயில் வந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒன்றின் மதிப்பைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. விலை, மதிப்பு, பெறுமானம், தரம், தகுதி, அருமை என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் வீட்டிலும் வேலையிடத்திலும் அவசரத்துக்கு வருவது தேறும், தேறாது என்ற இரண்டும்தான். வந்த விண்ணப்பங்களில் எத்தனை தேறும்? பிரித்த கூரையில் நாலு சட்டமாவது தேறுமா? எழுதின பத்துக் கவிதையில் இரண்டு தேறும். செலவெல்லாம் போகக் கையில் என்ன தேறும்? அவனை நம்பாதே, தேறாத ஆள். பேச்சில் இதே சொல் 'தேத்து' என்று ஆகி, "எப்படியோ பாதிப் பணத்தைத் தேத்திட்டேன்" என்றும் வரும். பொருள், பணம், படைப்பு, மனிதர் என்று எல்லாவற்றின் மேலும் இந்த ஒரே சொல்லை வைத்துப் பார்க்கிறோம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'மதிப்பிடுகிறேன்' என்று சொன்னால் மதிப்பிடுகிறவன் நான். வினைமுற்றின் விகுதியிலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன். "நீ யார் மதிப்பிட?" என்று எதிரில் இருப்பவர் கேட்கலாம், நான் பதில் சொல்லியாக வேண்டும். 'தேறாது' என்று சொல்லும்போது நான் அந்த வாக்கியத்தில் இல்லை. தேறு என்பது தன்வினை. தேறுவதும் தேறாததும் அந்தப் பொருளின் வேலை என்று ஆகிவிடுகிறது. முடிவு எடுத்தவன் நகர்ந்துகொள்ள, குறை முழுக்கப் பொருளின் தலையில் விழுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் காலம். தேறாது என்பதைப் பிரித்தால் தேறு, ஆ, து. நடுவில் இருக்கும் ஆ எதிர்மறை இடைநிலை. காலம் காட்டும் இடைநிலை எதுவும் அதில் கிடையாது. இன்றைக்குத் தேறாது, நாளைக்கு எப்படியோ என்ற இடமே அந்தச் சொல்லின் உடம்பில் இல்லை. 'தேறவில்லை' அப்படி இல்லை. இதுவரை நடக்கவில்லை என்று மட்டும் அது சொல்லும். நாளையைப் பற்றி வாயைத் திறக்காது. அக்காவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது "இன்னும் ஒண்ணும் தேறலைக்கா" என்பதுதான். ஓரெழுத்து ஈரெழுத்து வித்தியாசம்தான், ஆனால் அந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அது ஏன் என்று சொல்ல, இந்தச் சொல் புறப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும்.

அது புறப்பட்டது தண்ணீரிலிருந்து.

தேற்றா என்று ஒரு மரம் உண்டு. எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் எட்டிக் கொட்டையின் நஞ்சு இதன் கொட்டையில் இல்லை. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்க இந்தக் கொட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். பேச்சு வழக்கில் தேத்தாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை நன்றாகத் தேய்த்துவிட்டு, அதில் கலங்கிய தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். சில மணி நேரத்தில் வண்டல் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். தேறிய நீர். தேறச் செய்வது தேற்று, தேற்றுவது தேற்றாங்கொட்டை.

இது நடக்கும் விதம் அழகானது. கலங்கல் நீரில் இருக்கும் களிமண் துகள்கள் மிக மிகச் சிறியவை. எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். சேரவும் சேராது, கீழே இறங்கவும் இறங்காது. எத்தனை நேரம் வைத்தாலும் நீர் மங்கலாகவே நிற்பது அதனால்தான். தேற்றாங்கொட்டையில் இருக்கும் பலசர்க்கரைப் பொருள்கள் நீண்ட சங்கிலிகளாகப் பிரிந்து, துகளுக்கும் துகளுக்கும் நடுவே பாலம் போடுகின்றன. துகள்கள் திரளாகின்றன, கனம் கூடுகிறது, அடியில் போய்ப் படிகின்றன. இன்றைய குடிநீர் நிலையங்களில் படிகாரம் போட்டு நடத்துகிற வேலையின் அடிப்படையும் இப்படித் துகள்களைத் திரளாக்கிப் படிய வைப்பதுதான்.

இதில் யாரும் அழுக்கைக் கையால் அள்ளி வெளியே போடுவதில்லை. ஒன்றைத் தேய்த்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவில் அவசரப்பட்டுப் பானையை அசைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

சங்கப் பாடல்களில் வரும் தேறல் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். வண்டல் நீங்கி வடிந்து தெளிந்த கள் அது. கலித்தொகையின் நெய்தல் பகுதியில், பிரிவால் தன்னிலை இழந்து புலம்பிய ஒருத்தி, தலைவன் வந்து சேர்ந்ததும் அமைதியடைகிறாள். அதைச் சொல்லும் இடத்தில் கவிஞர் இந்தப் பானையைத்தான் கொண்டுவருகிறார்: "காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து". காழ் என்றால் விதை. கலங்குவதும் தெளிவதும் நீருக்கும் மனத்துக்கும் தமிழில் ஒரே சொற்கள். மனம் கலங்குகிறது, கண் கலங்குகிறது, குளம் கலங்குகிறது. மயக்கம் தெளிகிறது, வானம் தெளிகிறது, பாடம் தெளிகிறது. நாம் இதை உவமை என்றே உணர்வதில்லை. அத்தனை பழகிவிட்டது.

நீர் தெளிந்தால் அடி தெரியும். அடி தெரிந்தால் நம்பிக் கால் வைக்கலாம். அப்படித்தான் தேறுதல் நம்புதலாகவும் ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய இலக்கியத்தில் தேறு என்றால் பெரும்பாலும் நம்பு, உறுதிகொள் என்றுதான் பொருள். எனக்கு மிகப் பிடித்த இடம் குறுந்தொகையின் 21ஆம் பாட்டு. ஓதலாந்தையார் பாடியது. கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. கொன்றை பூத்தால் கார்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் சொல்கிறாள்:

"கானம் காரெனக் கூறினும்
யானோ தேறேன், அவர்பொய் வழங்கலரே."

காடே 'இது கார்காலம்' என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார். பள்ளியில் படித்தபோது இதை ஒரு பேதைப் பெண்ணின் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது படிக்கும்போது அப்படித் தோன்றவில்லை. அவள் முன்னால் இரண்டு சாட்சிகள் நிற்கின்றன. ஒன்று கண்ணுக்கு முன்னால் பூத்து நிற்கும் கொன்றை. இன்னொன்று அவள் இத்தனை நாள் அறிந்த ஒரு மனிதனின் வாய்ச்சொல். இரண்டையும் வைத்துப் பார்த்து, பூவைவிட மனிதனின் சொல்லுக்கு அதிக எடை கொடுக்கிறாள். அந்த 'யானோ' என்பதில் இருக்கும் ஓகாரத்தைக் கவனியுங்கள். மற்றவர்கள் தேறட்டும், நானோ தேறேன். இன்றைய நம் 'தேறாது'வில் ஒளிந்துகொள்ளும் ஆள் இந்த வாக்கியத்தில் முன்னால் வந்து நிற்கிறாள். முடிவு தன்னுடையது என்று சொல்லிவிட்டே சொல்கிறாள்.

திருக்குறளுக்கு வந்தால், 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. 51ஆவது. ஆளை எப்படி எடைபோட்டுத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அங்கே பேச்சு. அதில் 509ஆம் குறள்:

"தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின்
தேறுக தேறும் பொருள்."

முதலில் படிக்கும்போது நாக்கு சுழலும். இரண்டு வெவ்வேறு வினைகள் அதில் பின்னிக் கிடக்கின்றன. இடையின ர போட்ட தேர் என்றால் ஆராய். வல்லின ற போட்ட தேறு என்றால் தெளி, நம்பு. ஆராயாமல் யாரையும் நம்பாதே, ஆராய்ந்தபின் நம்ப வேண்டியதில் நம்பு. தேர்வு என்ற சொல் முதல் வினையிலிருந்து வந்தது, தேறுவது இரண்டாவதிலிருந்து. தேர்வு எழுதித் தேறினான் என்று நாம் சொல்வதில் வள்ளுவரின் வரிசை அப்படியே இருக்கிறது. முதலில் தேர், பிறகு தேறு. பேச்சில் ர, ற வேறுபாடு மங்கிப்போனதால் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைத்துவிடுகிறோம். அதோடு சேர்ந்து நடுவில் இருக்கிற ஆராய்ச்சியும் மங்கிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். தேராமலே 'தேறாது' என்கிறோம்.

அந்தக் குறளின் கடைசிச் சொல்லையும் விடக்கூடாது. தேறும் பொருள். ஆளை முழுசாக நம்பு என்றோ முழுசாகத் தள்ளு என்றோ அது சொல்லவில்லை. ஒருவரிடம் எதை நம்பி ஒப்படைக்கலாமோ, அந்தக் காரியத்தில் நம்பு. ஒரே ஆள் ஒன்றில் தேறுவார், இன்னொன்றில் தேறமாட்டார்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். கணக்குப் புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று படித்தோமே, அந்தத் தேற்றமும் இதே வேரில் வந்ததுதான். படிப்படியாக நிறுவி, ஐயம் முழுக்க அடியில் படிந்த பிறகு நிற்பது தேற்றம். இலக்கணத்திலும் தேற்றேகாரம் என்று உண்டு. ஏகாரத்தின் பொருள்களில் முதலாவதாகத் தொல்காப்பியம் சொல்வது தேற்றத்தைத்தான். "உண்டே மறுமை" என்று உரைகளில் உதாரணம் காட்டுவார்கள். சந்தேகமே இல்லாமல் உண்டு என்பது அந்த ஒற்றை ஏ. கலைச்சொல் ஆக்கியவர்கள் எவ்வளவு யோசித்து இதை எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

இலங்கைத் தமிழின் கணக்கியலில் இன்னொரு நல்ல ஆட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் நிகர லாபம் என்பதை அங்கே தேறிய இலாபம் என்று எழுதுவார்கள். வரவிலிருந்து செலவெல்லாம் கழிந்து, எது மேலே தெளிந்து நிற்கிறதோ அது தேறியது. மறுபடியும் பானைதான். எனக்கு நிகரத்தைவிட இது பிடித்திருக்கிறது. படித்தவுடன் என்னவென்று புரிந்துவிடுகிறது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கணக்கு ஆசிரியர் விடைத்தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து மேசையில் வைத்தார். ஒரு கட்டைத் தொட்டு "இது தேறும்" என்றார். இன்னொன்றைத் தொட்டு, "இதெல்லாம் தேறாது." என் தாள் முதல் கட்டில் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் தாள் இரண்டாவதில். அவர் தாளைத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வகுப்பில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 'இதெல்லாம்' என்ற அஃறிணைக்குள் பதினைந்து பையன்கள் போய்விட்டார்கள். அதன்பிறகு அவனைக் கணக்குப் போடக் கூப்பிட்டால், "எனக்குத்தான் தேறாதுன்னு சொல்லிட்டாங்களே" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நோட்டைத் திறக்கமாட்டான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் தவறினான். பிறகு வந்த துணைத்தேர்வில் எழுதினான். முடிவு வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "டேய், தேறிட்டேன்டா" என்று கத்தினான். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவன் விஷயத்தில் அரையாண்டிலும் பொதுத்தேர்விலும் உண்மையாக இருந்தது 'தேறவில்லை' மட்டும்தான். 'தேறாது' ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை. அந்த ஒரு சொல்லால் அவன் ஒன்றரை வருடம் நோட்டைத் திறக்காமல் இருந்தான்.

ஆசிரியரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒரு பெண்ணைப் பற்றி மேலாளர் கேட்டபோது, "கஷ்டம் சார், தேறாதுன்னு நினைக்கிறேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன். பெண்ணைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். என் வாயில் வந்தது தேறாது என்ற அஃறிணை முற்று. அந்தப் பெண் இரண்டு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அங்கே நன்றாகவே வேலை செய்தார். தேறும் பொருளை நான் தேடவே இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், இதே சொல்லை நோயாளியின் கட்டிலருகில் நாம் இப்படிப் பயன்படுத்துவதில்லை. அங்கே யாரும் "தேறாது" என்று சொல்லத் துணிவதில்லை. "கொஞ்சம் தேறியிருக்கு", "நேத்துக்கு இன்னைக்குத் தேவலை", "தேறிடுவாங்க" என்றுதான் பேசுகிறோம். உடம்பு தேறுவதற்கு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சாவு வீட்டிலும் ஆறுதல், தேறுதல் என்று இரட்டையாகச் சொல்வோம். ஆறுவது சூடு, தேறுவது கலக்கம். இரண்டுமே தானாக நடக்க வேண்டியவை. பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது கொட்டையைத் தேய்ப்பது போல ஏதோ கொஞ்சம். மிச்சத்தை நேரம்தான் செய்ய வேண்டும்.

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த இரவு, "தேறிடுவாரா டாக்டர்?" என்று நான் கேட்டேன். அந்த இளம் மருத்துவர் என்னைப் பார்த்து, "ரெண்டு நாள் போகட்டும் சார், பார்க்கலாம்" என்றார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கலாம். இருந்தாலும் அந்த இரண்டு நாளை எங்களுக்குக் கொடுத்தார். அந்த இரண்டு நாளில் அக்கா வந்து சேர்ந்தாள், அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்பா ஒருமுறை கண் திறந்து என்னைப் பார்த்தார். அவர் தேறவில்லை. ஆனால் அந்த மருத்துவர் சொன்ன வாக்கியத்துக்காக நான் அவருக்கு எப்போதும் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

அப்புறம் அந்த நோட்டுகள். அக்காவிடம் பேசிய பிறகு அன்று சாயங்காலமே நூலை அவிழ்த்தேன். எல்லாம் வீட்டுக் கணக்கு. மாதத்துக்கு ஒரு பக்கம். மேலே வரவு ஒற்றை வரி, அதன்கீழ் செலவு முப்பது, நாற்பது வரி, அவருடைய சாய்ந்த கையெழுத்தில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோடு போட்டு, 'தேறியது' என்று எழுதி ஒரு தொகை. சில மாதம் அந்தத் தொகை எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு மிட்டாய் வாங்கக்கூடப் போதாது. சில மாதம் தொகை இல்லாமல் 'தேறவில்லை' என்று மட்டும் இருக்கும். அதற்கு அடுத்த மாதம் மறுபடி வரவு, செலவு, கோடு, தேறியது. வருடக்கணக்காக இப்படியே. தூக்கிப்போடும் குவியலை அன்றைக்கே கலைத்துவிட்டேன். சாவிகளும் திருகாணிகளும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

ஒரு பக்கத்தில் கை நின்றது. எனக்கு ஆறு வயது இருக்கும்போது அம்மாவுக்கு ஒரு பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு நினைவிருப்பது, அம்மா இல்லாமல் நாங்கள் பாட்டியோடு பல நாள் இருந்தது மட்டும்தான். அந்த மாதத்தின் பக்கம் அது. வழக்கமான செலவுகள் பாதியில் நின்றுபோய், ஆஸ்பத்திரி, மருந்து, மருந்து, ரத்தம், மருந்து என்று போகிறது. நடுவில் இரண்டு இடத்தில் 'கடன்'. அடியில் வழக்கம்போல் கோடு. அதன்கீழ் தொகை எதுவும் இல்லை. 'தேறியது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தேறினாள்' என்று எழுதியிருந்தார்.

நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். அடிவரிக்கு வந்து ரொம்ப நேரம் நின்றார்.

"இந்தக் கடனை அடைக்க மூணு வருஷம் ஆச்சு" என்றார். பிறகு விரலை நனைத்து, அடுத்த மாதத்தின் பக்கத்தைத் திருப்பினார்.